படிகாரக் கல் எரிகிறதா? எங்கே எரிகிறது என்று பாருங்கள்

வாசகர் கேள்வி, 08.03.2024

ஷேவ் செய்தபின் தோல் எரிச்சலுக்கு இயற்கைப் படிகாரக் கல் நல்லது என்றார்கள், ஒன்று வாங்கினேன். ஈர முகத்தில் தேய்த்தால் கழுத்தும் தாடைக்குக் கீழும் தீயாக எரிகிறது. இது தோலை ஆற்றுமா, இல்லை புண்ணாக்குமா? பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

08.03.2024, இரவு

இருபத்திரண்டு வருஷமாகப் பயன்படுத்துகிறேன். எரியத்தான் செய்யும். ஆனால் நீங்களே கழுத்து, தாடைக்குக் கீழ் என்று இடம் குறித்து எழுதியிருக்கிறீர்கள். கன்னம் எரியவில்லை. கல்லும் அதேதான், தண்ணீரும் அதேதான். அப்படியென்றால் கழுத்தில் பிளேடு என்ன செய்தது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

எனக்கு ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம், வேலை நகரியில் ஒரு நூல் கடையில். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா கிணற்றடி வேப்பமரத்தில் ஓர் ஆணி அடித்து, அதில் கையகலக் கண்ணாடியை மாட்டி ஷேவ் செய்வார். முடித்ததும் கல்லை நனைத்து முகம் முழுக்க ஒரு சுற்று. எங்கேயாவது 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்தால் உடனே கண்ணாடிக்குக் கிட்டப் போய் அந்த இடத்தைப் பார்ப்பார். "இங்க அழுத்திட்டேன்" என்பார். மறுநாள் அந்த இடத்தில் அவர் கை பூப்போலப் போகும். ரத்தமே வராத கீறல்கூட கல்லுக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது.

09.03.2024

முறையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஷேவ் முடிந்ததும் சோப்பு நுரை போகப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். முகம் ஈரமாகவே இருக்கட்டும். கல்லையும் நனைத்து, அழுத்தாமல் ஒரே ஒரு சுற்று வழுக்கவிடுங்கள். துணி துவைப்பது போலத் தேய்க்கக் கூடாது. உலர்ந்த முகத்தில் உலர்ந்த கல்லை வைக்கவே கூடாது. அப்புறம் கழுவத் தேவையில்லை, அப்படியே காயட்டும்.

10.03.2024

ஏன் எரிகிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். படிகாரம் ஓர் உப்பு. பொட்டாசியமும் அலுமினியமும் சல்பேட்டோடு சேர்ந்து, கூடவே பன்னிரண்டு நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கும் படிகம். தண்ணீரில் கரைந்தால் அந்த நீர் புளிப்புப் பக்கம் சாயும், அதாவது அமிலம். தோல் முழுசாக இருந்தால் அந்தப் புளிப்பு உறைக்காது. பிளேடு மேல்தோலைச் சுரண்டிய இடத்தில் உறைக்கும்.

அடுத்தது அதன் துவர்ப்பு. துவர்ப்பு என்றால் பிஞ்சு வாழைக்காயை வாயில் வைத்தது போல இழுத்துப் பிடிப்பது. புரதத்தைத் திரளச் செய்து, வெட்டுப்பட்ட நுண்ணிய ரத்தக் குழாய் வாயைச் சுருக்கும். சின்னக் கீறலில் ரத்தம் நிற்பது இதனால்தான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: சந்தனம் ஆற்றுவது போலவோ கற்றாழை ஆற்றுவது போலவோ படிகாரம் ஆற்றாது. திறந்ததை மூடும். மூடியபின் தோல் அமைதியாகிறது, அதைத்தான் நாம் 'ஆற்றுகிறது' என்கிறோம்.

17.03.2024

புரதம் திரள்வதை நான் கண்ணால் பார்த்த கதை ஒன்று உண்டு. எல்லைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு உடனே புரியும்.

தெலுங்கில் படிகாரத்துக்குப் பட்டிக என்று பெயர். கற்கண்டுக்குப் பட்டிக பெல்லம். பெல்லம் என்றால் வெல்லம். 1960 ஏப்ரலில் திருத்தணியும் எங்கள் பக்கமும் சென்னை மாநிலத்துக்கு வந்தன, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. ஆனால் மளிகைக் கடையில் இரண்டு மொழியும் ஒரே தராசில்தான் நிற்கும்.

கல்யாணமான புதிதில் என் மனைவிக்குத் தெலுங்கு வராது, காஞ்சிபுரத்துக்காரி. எனக்கு இருமல் என்று பாலில் போடக் கற்கண்டு வாங்கப் போனாள். பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்த வார்த்தையில் பாதியை மறந்துவிட்டு, "பட்டிக" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். இரண்டும் வெள்ளை, இரண்டும் பளபளக்கும், பொடித்துவிட்டால் என்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது. காய்ந்த பாலில் ஒரு கரண்டி போட்டாள். கண் முன்னால் பால் திரிந்து, கட்டி தனியாகப் பச்சைத் தண்ணீர் தனியாக நின்றது. பால் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டப் போனவளை அம்மாதான் நிறுத்தி, பொட்டலத்தை மோந்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, "இது நைனா கல்லுடி" என்றாள்.

பால் திரிந்ததால் தப்பித்தேன். பாலில் நடந்தது அலுமினியமும் அமிலமும் சேர்ந்து புரதத்தைக் கட்டியாக்கியது. கீறலில் கல் செய்வதும் அதே வேலைதான். அந்தத் திரிந்த பால் மனதில் இருந்தால் யாரும் கல்லை ஐந்து நிமிஷம் தேய்க்க மாட்டார்கள்.

18.03.2024

தமிழ்ப் பக்கக் கடைகளில் வேறொரு குழப்பம், எழுத மறந்தேன். படிகாரத்துக்குச் சீனாக்காரம் என்றும் பெயர் உண்டு. வெங்காரம் என்பது வேறு, அது போராக்ஸ். இரண்டையும் சட்டியில் போட்டுச் சுட்டால் பொரியும், அதனால் பொரித்துப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. மஞ்சள்தூள் கரைத்த நீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். வெங்காரம் என்றால் செம்பழுப்பாகும், படிகாரம் என்றால் மஞ்சளாகவே இருக்கும். வெங்காரத்தால் துவர்ப்பு வராது, கீறலுக்கு உதவாது.

02.04.2024

'இயற்கை' என்ற சொல்லுக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் அதற்காகவே கூடுதல் விலை கொடுத்திருக்கிறார், மனசு கஷ்டமாக இருக்கிறது.

அலுனைட் என்ற பாறையைச் சுட்டு, ஊறவைத்து, காய்ச்சிப் படிகாரம் எடுப்பது பழைய முறை. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி தொழிற்சாலையில் பாக்சைட்டையும் கந்தக அமிலத்தையும் வைத்துச் செய்து, கரைசலில் படிகமாக வளர்த்து, அறுத்து மழமழப்பாக்கியது. அதில் தப்பு எதுவும் இல்லை, உப்பு அதே உப்புதான். 'ரசாயனம் இல்லாதது, அலுமினியம் இல்லாதது' என்று அட்டையில் போட்டு விற்பதுதான் தப்பு. படிகாரம் என்று பெயர் இருந்தால் உள்ளே அலுமினியம் இருக்கும். சிறுநீரகம் பழுதானவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று. பொட்டாசியத்துக்குப் பதிலாக அம்மோனியம் உள்ள படிகாரமும் சந்தையில் நிறைய. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். வீட்டில் வெற்றிலைச் சுண்ணாம்பு இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். கல்லில் கொஞ்சம் சுரண்டி, ஒரு பழைய மூடியில் சுண்ணாம்போடு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குச்சியால் குழையுங்கள். மூக்கைக் குத்தும் மூத்திர நெடி வந்தால் அது அம்மோனியப் படிகாரம். நைனாவின் பழைய கல்லில் நெடி இல்லை. போன வருஷம் 'இமயமலை இயற்கைக் கல்' என்று பளபளப்பு டப்பாவில் நான் வாங்கியதில் வந்தது. முகத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. ஆனால் மளிகைக் கடைப் பொட்டலத்தைவிடப் பல மடங்கு விலை கொடுத்திருந்தேன்.

21.04.2024

திருத்தணியில் வெயில் நாற்பதைத் தாண்டி அடிக்கிறது. ஒரு வாரமாக என் கழுத்துத் தோல் வெள்ளையாகச் செதில் விடுகிறது. தொட்டால் காகிதம் போல இருக்கிறது. பிளேடு மாற்றிப் பார்த்தேன், சோப்பு மாற்றிப் பார்த்தேன். கல்லை மட்டும் சந்தேகப்படவில்லை.

கல்லும்கூட மேலே வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. உலர்ந்த காற்றில் படிகத்தின் நீர் கொஞ்சம் விட்டுப்போனால் அப்படி ஆகும். கெட்டுப்போகவில்லை, கழுவினால் கண்ணாடி போல வந்துவிடும்.

28.04.2024

மார்ச் 9-ல் 'கழுவத் தேவையில்லை' என்று எழுதினேன். தவறு. தயவுசெய்து கழுவுங்கள்.

நேற்று காளஹஸ்தி போயிருந்தேன். பெரியம்மா மகன் அங்கே கலம்காரி போடுகிறார். அவர் தொழிலே படிகாரத்தில்தான் நிற்கிறது. துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் முக்கிக் காயவைத்து, மூங்கில் பேனாவால் கறுப்புக் கோடு வரைவார்கள். கறுப்பு மை, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு எடுப்பது. எங்கெல்லாம் சிவப்பு வேண்டுமோ அங்கே படிகாரக் கரைசலைத் தீட்டுவார்கள். அப்போது நிறம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. அப்புறம் சாயப் பட்டையோடு கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து நிற்கும், மற்ற இடத்துச் சாயம் ஓடும் தண்ணீரில் அலசினால் போய்விடும். நூலை ஒரு கையாலும் சாயத்தை ஒரு கையாலும் பிடித்துக்கொள்கிறது அந்த அலுமினியம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

அண்ணன் விரல் நுனி எல்லாம் உலர்ந்து வெடித்திருக்கும், ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் படுப்பார். என் கழுத்தைப் பார்த்ததும் கேட்டார்: "பட்டிக வச்சிட்டுக் கழுவுறதில்லையா? துணியில புடிச்சதே அலசினாலும் போகல. தோல்ல எதுக்குடா விட்டு வைக்கிற?"

அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் போதும். அப்புறம் பச்சைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். ஐப்பசி மழையில் கழுவாமல் விட்டபோது தெரியாதது சித்திரை வெயிலில் தெரிந்தது. நைனா ஷேவ் முடிந்த கையோடு கிணற்றடியிலேயே குளித்துவிடுவார். கழுவுவது தனியாக ஒரு வேலையாக என் கண்ணில் பட்டதே இல்லை, அதனால் அதைக் கற்றுக்கொள்ளாமல் விட்டேன்.

06.05.2024

ஒன்பது நாள் ஆகிறது. செதில் நின்றுவிட்டது.

12.05.2024

சலூன் கல் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இது முக்கியம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் முடிவெட்டும் கடையில் செங்கல் அளவுக்கு ஒரு கல் இருந்தது. ஷேவ் முடிந்ததும் "பட்டிக பெட்டாலா அண்ணா?" என்று கேட்டு, முந்தின ஆளுக்குத் தேய்த்த அதே கல்லை எடுப்பார். நானும் பல வருஷம் தலையாட்டியிருக்கிறேன், படிகாரம் கிருமியைக் கொல்லும், அதில் எதுவும் ஒட்டாது என்ற நம்பிக்கையில். பாக்டீரியா பெருகுவதைப் படிகாரம் தடுக்கும், அது உண்மை. அதனால்தான் அக்குளில் தேய்த்தால் வியர்வை நாற்றம் குறைகிறது. ஆனால் ஒரு கல் மேல் பட்ட ரத்தத்தை அது சுத்தம் செய்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, குறைந்தது ஏழு நாள் தாக்குப்பிடிக்கும். கல்லைத் தேய்ப்பதோ கீறலில். ஒருவர் கீறலிலிருந்து அடுத்தவர் கீறலுக்குப் போக இதைவிட நேர் வழி கிடையாது.

பிளேடு ஆளுக்கு ஆள் மாற்றுகிறார்களா என்று எல்லோரும் பார்க்கிறோம். கல்லைப் பார்ப்பதில்லை.

அந்த அண்ணனிடம் தனியாக இருக்கும்போது சொன்னேன். முதலில் முகம் சுருங்கியது, பதினைந்து வருஷப் பழக்கம் இல்லையா. அடுத்த மாதம் போனபோது கல் இல்லை. படிகாரத்தைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் வைத்திருந்தார். முகத்தில் அடித்து, புதுப் பஞ்சில் ஒற்றிவிடுகிறார். கல் வாங்குகிற செலவும் குறைந்தது என்றார். உங்கள் ஊர்ச் சலூனிலும் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டிலும் அப்படியே. அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. உடைத்தால் இரண்டாகிவிடும், பெரிய செலவில்லை. உடைத்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், ஈரக் கருங்கல்லில் தேய்த்து மழுக்கிவிட்டுத்தான் முகத்தில் வைக்க வேண்டும்.

14.05.2024

கடை வாசலில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கல்லை ஷேவுக்கு எடுக்கலாமா என்று ஒரு கேள்வி. வேண்டாம். தெருப் புழுதி, லாரிப் புகை, சாம்பிராணி எல்லாம் அதில் படிந்திருக்கும். அது வாசலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

20.07.2024

ஆடிக் கிருத்திகை நெருங்குகிறது, திருத்தணி சாலை முழுக்க மஞ்சள் வேட்டியும் காவடியும். மொட்டை போட்ட குழந்தைகளுக்குப் படிகாரம் வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

என் மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் முதல் மொட்டை போட்டபோது பின்மண்டையில் ஒரு சின்னக் கீறல். பாட்டி இடுப்பிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து, "கல்லை வை, ரத்தம் நிற்கும்" என்றாள். நான் வைத்தேன். குழந்தை கதறிய கதறல் இன்னும் காதில் இருக்கிறது. ஒன்றரை வயது. எது எரிகிறது, ஏன் எரிகிறது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

பெரியவர்களுக்கு எரிச்சல் ஒரு சேதி. குழந்தைக்கு அது வலி மட்டும்தான். சுத்தமான ஈரத் துணியை அந்த இடத்தில் வைத்து இரண்டு மூன்று நிமிஷம் எடுக்காமல் அழுத்திப் பிடித்தாலே இந்த மாதிரிக் கீறலில் ரத்தம் நிற்கும். காயத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் சந்தனம் பூசுங்கள், அது குளிர்ச்சி. படிகாரம் வேண்டாம். கண்ணில் வழிந்தால் இன்னும் தொல்லை. இரண்டாவது மகளுக்கு அப்படித்தான் செய்தோம். அவள் சந்தனத்தை நக்கிக்கொண்டு சிரித்தாள்.

08.09.2024

கழுத்தில் அரிசி அரிசியாகப் பரு வருகிறது, கல் தேய்த்தும் போகவில்லை என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார்.

தம்பி, அது கல்லால் போகாது. சுருட்டை முடிக்காரர்களுக்கு, ஒட்ட வழித்த முடி வளைந்து திரும்பத் தோலுக்குள்ளேயே புகுந்துவிடும். அதைச் சுற்றி வீங்குவதுதான் அந்தப் பரு. முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே வழியுங்கள், எதிர்ப்பக்கம் இழுக்காதீர்கள். ஒரே இடத்தை மூன்று தடவை வழிக்காதீர்கள். கழுத்தில் முடி ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு திசையில் போகும், விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். பரு பழுத்திருந்தால் கொஞ்ச நாள் ஷேவையே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். பழுத்ததன் மேல் படிகாரம் தேய்த்து உலர்த்தப் பார்க்க வேண்டாம், என் நண்பர் ஒருவர் அப்படிச் செய்து கழுத்தில் கறுப்புத் தழும்போடு இருக்கிறார்.

நாற்பதைத் தாண்டியவன் சொல்கிறேன், வேலைக்குப் போகும் அவசரத்தில் முகத்தைக் கழுவாமல் வறண்ட முடியில் பிளேடு வைப்பதுதான் பாதிப் பிரச்சினை. இரண்டு நிமிஷம் வெந்நீர்த் துணியை வைத்து முடியை ஊறவிடுங்கள்.

09.09.2024

நேற்று எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். கல்லைப் பொரித்துப் பொடியாக்கித் தடவலாமா என்று அதே தம்பி கேட்டிருந்தார். பொரித்தால் அதிலிருக்கும் நீர் போய், ஈரத்தை இன்னும் வேகமாக இழுக்கும் பொடியாகிவிடும். சித்த மருந்தில் அதற்கு வேறு இடம் உண்டு, வைத்தியர் கையில். முகத்துக்கு நனைத்த கல் போதும்.

24.11.2024

கேள்வி கேட்டவர் எட்டு மாதம் கழித்துத் திரும்ப எழுதியிருக்கிறார். படித்ததும் நைனாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். கழுத்தில் திசை பார்த்து வழிக்கிறாராம், அழுத்துவதில்லையாம், ஒரு நிமிஷத்தில் கழுவிவிடுகிறாராம். இப்போது கல் வைத்தால் குளிர்ச்சி மட்டும்தானாம். இடது தாடை எலும்புக்குக் கீழே ஒரு ரூபாய் அளவு இடம் மட்டும் இன்னும் எரிகிறதாம்.

நைனா கேட்டுவிட்டு, "வலது கைக்காரரா?" என்றார். எனக்குத் தெரியாது, ஆனால் எனக்கும் அதே இடம்தான் பல வருஷம் எரிந்தது. வலது கையால் இடது பக்கம் வழிக்கும்போது மணிக்கட்டு மடங்கி, பிளேடு சாய்ந்து போகும். இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதுக்குக் கீழே தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், ரேஸரைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். நாளைக் காலையில் செய்து பார்த்து எழுதுங்கள்.